காலி

கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள். இப்படி ஒன்பது கட்டடங்களை எழுப்பியவன் நான். மனையை அளக்கும்போது, ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு நேராகவும் 'காலி' என்று எழுதிவிடுவேன். கட்டட அனுமதி சீக்கிரம் கிடைத்துவிடும். ஒரு தையல்காரி மட்டும் தன் வீட்டு வாசலில் நின்று கத்தினாள்.

"குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனே, கண்ணு தெரியலையா?"

நான் எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடினேன்.

ஒன்பதாவது கட்டடத்தில்தான் என் அலுவலகம். போன வாரம் அந்தக் கட்டடத்தின் அறைப் பட்டியலில் என் அறைக்கு நேராகக் 'காலி' என்று இருந்தது. மூன்று முறை அடித்துத் திருத்தினேன். மூன்று முறையும் 'காலி' என்றே அச்சாகி வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"எந்த மடையன் பார்த்த வேலைடா இது?" என்று குமாஸ்தாவிடம் எகிறினேன்.

அவன் கொட்டாவி விட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தான்.

இன்று காலை விற்பனைப் பெண் கதவைக்கூடத் தட்டாமல் ஒருவரை உள்ளே அழைத்து வந்தாள்.

"நல்ல வெளிச்சம் சார். காலியாத்தான் இருக்கு. நாளைக்கே வந்துடலாம்."

"குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே, கண்ணு தெரியலையா?" என்று மேசையில் ஓங்கி அறைந்தேன்.

வந்தவர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு தன் பையை என் நாற்காலியில் வைத்தார்.

நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.