மூன்றாவது எச்சரிக்கை

"சார், ஒரு மணி நேரம் என்கூடப் பேசாதீங்க சார். பரீட்சை எழுதப் போறேன்."

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், குடிகாட்டில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த மனிதர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இது.

என்னிடம் போய்ச் சொல்கிறார்! முப்பத்தாறு வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தி, கரும்பலகைக்கே காது செவிடாகும் அளவுக்குப் பேசி ஓய்வு பெற்றவன் நான். தூக்கத்தில்கூட வருகைப்பதிவு எடுப்பேன்.

பெயர் கொளஞ்சியப்பன். ரசாயன ஆலையில் இருபத்திரண்டு வருடமாக ஆபரேட்டர். இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறார். அடுத்த ஷிஃப்டுக்கு அவரை மாற்றிவிட வேண்டிய ஆள் தாமதமாக வந்ததால், சிதம்பரத்து வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாக எழுத வேண்டிய தேர்வு பேருந்துக்கு வந்துவிட்டது.

"வேலைக்குப் போறவுங்களுக்குன்னு புதுசா ஒரு பிரைவேட் யூனிவர்சிட்டி நடத்தற கோர்ஸ் சார். போன்லயே எழுதலாம். ஆனா ஸ்கிரீனையே பாத்துக்கினு இருக்கணும். மூஞ்சி அந்தாண்ட திரும்பினா ஒரு எச்சரிக்கை. பக்கத்துல வேற மூஞ்சி தெரிஞ்சாலும் எச்சரிக்கை. மூணு ஆச்சுன்னா க்ளோஸ்."

"க்ளோஸ் ஆனா?"

"இதான் கடைசி சான்ஸ். பாஸ் பண்ணா சூப்பர்வைசர், பகல் வேலை. இல்லன்னா ரிட்டயர் ஆகற வரைக்கும் நைட்டுதான். சுகர் வேற ஜாஸ்தி ஆயிடுச்சு சார்."

நான் வாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பரவனாற்றில் எறிந்துவிட்டேன்.

மணி ஒன்பது. தேர்வு தொடங்கியது.

மூச்சைக்கூடத் தவணை முறையில் விட்டேன். ஓரக்கண்ணால் மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு கேள்வியும் முத்து! எழுதியவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

கொளஞ்சியப்பனோ அந்த முத்துகளைக் கடலை மாதிரி உடைத்துத் தள்ளினார். ஐந்து, பத்து, பதினைந்து. எல்லாம் சரி. என் வகுப்பில் இப்படி ஒரு மாணவன் இருந்திருந்தால் யானை மேல் ஏற்றிச் சிதம்பரத்தின் நாலு வீதியும் சுற்றி வந்திருப்பேன்.

நடத்துநர் வந்தார்.

"அண்ணே, எங்க போவணும்? செல்லுக்குள்ளயே எறங்கிடுவியா?"

கொளஞ்சியப்பன் பதறித் திரும்பினார். திரையின் மூலையில் மஞ்சள் எழுத்து. முதல் எச்சரிக்கை.

நான் பாய்ந்து, இரண்டு விரலைக் காட்டி, கோபுரத்தைக் கையால் வரைந்து, சிதம்பரத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன். வாய் பேசாத மனுஷன் என்று நினைத்து நடத்துநர் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஆலப்பாக்கம் தாண்டி ஒரு பள்ளம். பள்ளமா அது? பட்டா வாங்கி ஒரு குடும்பம் குடியேறலாம். பேருந்து எகிறியது. நான் எகிறினேன். என் மீசை அவருடைய திரைக்குள் போய் விழுந்தது.

இரண்டாவது எச்சரிக்கை.

என்னைத் திட்டக்கூட அவரால் திரும்ப முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டார். நான் துண்டால் முகத்தை மூடி, ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டேன்.

இருபத்தெட்டாவது கேள்வி. மொத்தமே முப்பதுதான். பேருந்து புதுச்சத்திரத்தில் நின்றிருந்தது.

'ஆலையில் விஷவாயு கசிகிறது. நீங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன?'

கீழே அ, ஆ, இ, ஈ என்று நாலு விடைகள். ஈ, கொளஞ்சி, ஈ! உயர் அதிகாரிக்குத் தகவல் தெரிவிப்பது! துண்டுக்குள் என் நாக்கு துடித்தது.

அவர் கேள்வியைப் படித்தார். சட்டென்று கழுத்தைத் திருப்பி, என்னைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நிறுத்தத்தில் வரிசையாகக் கட்சிக் கொடிக்கம்பங்கள். எல்லாக் கொடிகளும் தெற்குப் பக்கமாகப் படபடத்தன.

ஒரே நொடி.

மறுபடி போனைப் பார்த்தபோது திரை சிவந்திருந்தது. தேர்வு ரத்து.

"ஏன்யா திரும்பினீங்க?" துண்டை உதறிவிட்டுக் கத்தினேன். முன் இருக்கைகளில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்தேன் சார்."

அவர் இன்னும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேஸ் கசியுதுன்னா அத பாக்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டோம். கேஸு போற பக்கமே ஓடினா ஆளு காலி. ரெண்டு பேரு அப்பிடித்தான் போனாங்க, என் கண்ணு முன்னாடி. அதுலேருந்து கேஸுன்னு காதுல விழுந்தாலே கழுத்து தானா திரும்பிடுது."

போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு கேட்டார்.

"ஆமா, அந்த நாலுல காத்து பாக்கறது எத்தினியாவது சார்? நான் படிக்கறதுக்குள்ள போயிடுச்சு."

"மூணாவது" என்றேன்.

"அப்ப ரைட்டாதான் போட்டிருப்பேன்" என்று சொல்லி, முன் சீட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

நாலில் எதிலும் காற்று இல்லை. அந்த முப்பது கேள்விகளையும் கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டில், ஏசிக்காக ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு எழுதிக் கொடுத்தவன் நான்.