கறுப்பு பியரும் நஸ்ரினின் மூக்கும்

வனிலா எசென்ஸில் அல்கஹோல் கலந்திருக்கிறது என்று அதைக்கூடக் கேக்கில் ஊற்றாதவர் நஸ்ரின். அவரிடம் எதற்குத் தினமும் ஒரு கிளாஸ் கறுப்பு பியர் போகிறது?

இந்தக் கேள்வி ஜெயரூபியின் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்த ஹோட்டலுக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் பல்கலைக்கழக மாணவி அவள். நஸ்ரின், கிண்ணியாவிலிருந்து வந்து குசினியில் கேக் செய்பவர். பியரைக் கொண்டுபோகிறவர் கதிரவேல், பாரில் நிற்பவர், சல்லி என்ற ஊர்க்காரர். பின்னேரம் மூன்று மணியானால் போதும். வாய் அகன்ற கிளாஸ், மேலே மூடின சோசர், நேரே குசினி.

இன்று பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றாள்.

“இது நேற்றையதைவிடக் கடுமை. பெல்ஜியத்திலை துறவிகள் மடத்திலை காய்ச்சிறது” என்று கதிரவேல் சோசரை எடுத்தார்.

நஸ்ரின் கிளாஸைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து மணந்தார்.

“பேரீச்சம்பழம். புதுசு இல்ல, பெட்டிக்குள்ள கிடந்து இறுகினது. பின்னால கராம்பு.”

“எழுதிட்டன். பிறகு?”

“பொறுங்க கதிரண்ணன், அவசரப்படுத்தாதீங்க.” இன்னொரு தரம் குனிந்தார். “வட்டிலப்பம் அவிச்ச சட்டியில, அடியில கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்குமே? அதேதான்.”

“வட்டிலப்பச் சட்டியை வெள்ளைக்காரனுக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது?”

“அது உங்கட பாடு. மணக்கிறது மட்டுந்தான் என்ட பாடு.”

இருவரும் சிரித்தார்கள். ஜெயரூபிக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலு மணிக்கு விறாந்தையில் விருந்தினர் பியர் சுவை பார்க்கும் மேசை போட்டாயிற்று. பாய்க்கப்பலில் வந்திருந்த பெல்ஜியத் தம்பதி முன்னால் இருந்தார்கள். அடியில் கிடந்த மண்டி கலங்காமல் கதிரவேல் போத்தலைச் சரித்து ஊற்றினார். நுரை எழுந்து நின்றது. தானும் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

“இறுகின பேரீச்சம்பழம்... பின்னால கராம்பு... கடைசியிலை, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் அடிப்பிடிச்ச மாதிரி” என்று ஆங்கிலத்தில் அளந்து அளந்து சொன்னார்.

பெல்ஜியக்காரி குடித்தார். புருவம் உயர்ந்தது. இன்னும் ஒரு மிடறு.

“பிறந்த ஊரிலேயே இதைக் குடிக்கிறோம். எங்களுக்கே ஒருவரும் இப்படிச் சொல்லித் தரவில்லை!”

மனேஜர் ரஜீவன் கதிரவேலின் தோளில் தட்டினார். “கொழும்பிலையிருந்து ஆள் எடுக்கிற கதையை விட்டாச்சு கதிர். வாற மாசத்திலையிருந்து இந்த மேசைக்கு நீங்கதான் பொறுப்பு.”

விருந்தினர் எழும்பிப் போனதுதான் தாமதம், ஜெயரூபி மனேஜரின் அறைக்குள் நின்றாள்.

“சேர், இது பச்சைக் களவு! அதிலை ஒரு சொல்லும் அவருடையதில்லை. குசினிக்குள்ளை நஸ்ரின் அக்கா மணந்து சொல்லுறா, வெளியிலை இவர் பேர் வாங்கிறார். அந்தப் பொறுப்பு அவவுக்குத்தான் வரவேணும்.”

“நஸ்ரினோ? பியரையோ? என்ன பிள்ளை கதைக்கிறீங்கள்?”

“கூப்பிட்டுக் கேளுங்கோ சேர்.”

கூப்பிட்டார். மாப் படிந்த கையோடு நஸ்ரின் வந்து நின்றார்.

“நீங்க மணந்து சொல்லுறதைத்தான் கதிர் ஒப்புவிக்கிறாராம். உண்மையோ? மணமும் ருசியும் பிடிபடாத ஆளை நான் பாரிலேயே வைச்சிருக்க ஏலாது.”

நஸ்ரின் நிலத்தைப் பார்த்தார்.

“அந்தச் சாமானைப் பற்றி எனக்கு என்ன சேர் தெரியும்? அவணில கேக் வேகுது. நான் போகட்டா?”

போய்விட்டார்.

“உங்கட பட்டிமன்றத்தைக் கெம்பஸோடை வைச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை” என்றார் மனேஜர்.

அவள் விடுகிற ஆளா? குசினிக்கே ஓடினாள்.

“ஏனக்கா பொய் சொன்னனீங்கள்? ஆருக்குப் பயம்? வீட்டிலையோ, ஊரிலையோ?”

“வீட்டில சொல்லிட்டுத்தான் செய்றன். நான் குடிக்கல்லையே, மணக்கத்தானே செய்றன்.”

“அப்ப ஏன் அந்த மனுசனைக் காப்பாத்துறீங்கள்? அவர் உங்களைச் சுரண்டுறார். அது கூட விளங்கயில்லையோ?”

“தங்கச்சி, இந்த ஹோட்டலுக்கு வந்து நான் சொன்ன முதல் பொய் இதுதான். அதுவும் உங்களால. இனியாவது கொஞ்சம் சும்மா இருங்க.”

“சும்மா இருக்க ஏலாது! கண்ணுக்கு முன்னாலை ஒரு அநியாயம் நடக்கேக்கை...”

முடிக்கவில்லை. சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். வாக்குவாதத்தில் இருவருமே அவணை மறந்துபோயிருந்தார்கள். மூடின கதவுக்குள்ளே கேக் கருகி, அந்த நாற்றம் குசினி முழுக்க ஏறியிருந்தது.

நஸ்ரின் பாய்ந்து போய் அவணை நிறுத்தவும் கதிரவேல் உள்ளே வரவும் சரியாக இருந்தது. முகமெல்லாம் சந்தோசம். ஜெயரூபி நிற்பதைக் கண்டதும் அவணுக்குப் பக்கத்தில் வந்து நின்று, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.

“ஆகா! என்ன வாசம்! நஸ்ரின், எனக்கும் ஒரு துண்டு எடுத்து வையுங்கோ.”

சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கிளாஸைக் கழுவத் தொடங்கினார்.

ஜெயரூபி அவருடைய முதுகைப் பார்த்தாள். பிறகு நஸ்ரினைப் பார்த்தாள்.

“அவருக்குக் கொரோனா வந்து போனதில இருந்து” என்றார் நஸ்ரின், அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி. “மணமும் இல்ல, ருசியும் இல்ல. தெரிஞ்சா நாளைக்கே வீட்டுக்குப் போகச் சொல்லிருவாங்க.”

கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி கதிரவேல் திரும்பினார்.

“என்ன பிள்ளை, பேச்சு மூச்சைக் காணேல்லை? வாசம் எப்பிடி?”

எதற்கும் மறுத்துக் கதைத்தே பழகிய ஜெயரூபி, மூக்கிலிருந்து கையை எடுத்தாள்.

“நல்ல வாசம் அண்ணன்.”