அடிவான விளக்கு

மார்ச் 11, புதன். இன்று ஒத்திகை என்னால் நின்றது. பின்திரைக்குக் கீழே அடிவானம் காட்டும் விளக்கை அணைக்க மறந்துவிட்டேன். எழுதி வைத்த வரிசைப்படிதான் செய்கிறேன் என்று நினைத்தேன். வழக்கம்போல நினைப்பு மட்டும்தான் சரியாக இருந்தது.

மாலை வகுப்பில் மேடை விளக்கு வேலை சொல்லித்தருபவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். போன வருடம் ஒரு சாயங்காலம் ஏரியில் படகு கவிழ்ந்ததில் அவருடைய கணவர் போய்விட்டார். அந்தச் சாயங்காலத்தைத்தான் அக்கா நாடகமாக்கியிருக்கிறார். யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் தூங்கிவிடுவேன் என்று முதல் நாளே எங்களிடம் சொன்னார்.

அன்றைய வானத்தைப் பார்த்து உயிரோடு திரும்பியவர் படகுக்காரர் ஒருவர்தான். கருமேகம் கவிந்து, நீட்டிய கை தெரியாத இருட்டாகிவிட்டது, யார் எங்கே என்றே தெரியவில்லை என்று விசாரணையில் சொன்னவர். அந்த இருட்டிலும் நேராகப் படித்துறைக்கே நீந்தி வந்தது அவர் அதிர்ஷ்டம் என்பார்கள். அக்கா கேட்டுக்கொண்டதால், வானம் சரியா என்று பார்க்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மேக வடிவில் துளை வெட்டிய தகட்டை விளக்கில் செருகி, ஒளியைத் திரையில் விட்டேன். இது மேகமா, காயப்போட்ட போர்வையா என்று படகுக்காரர் கேட்டார். ஓரங்களை மங்கலாக்கி, இன்னொரு தகட்டை அதன் மேல் மெல்ல நகரவிட்டேன். நீலத்தைக் குறைத்துக்கொண்டே போய், அவர் சொன்னபடி மேடையை இருட்டாக்கினேன்.

அப்போதும் உதட்டைப் பிதுக்கினார். “எல்லாம் நான் சொன்ன மாதிரிதாம்மா இருக்கு. ஆனா அந்த வானம் இது இல்ல.”

குறை என் கையில்தான் என்று முதலிலிருந்து மறுபடி செய்தேன். அந்தப் பதற்றத்தில்தான் கடைசி விளக்கை விட்டுவிட்டேன். மேலே முழுக்கக் கறுப்பு. அடியில், ஏரி முடியும் இடத்தில், மஞ்சளாக ஒரு கீற்று.

உன் வானத்துக்குக் கதவைச் சாத்த மறந்துட்டியா என்று பக்கத்தில் இருந்த தோழி சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. நாளைக்கு முதல் காட்சி, இறந்தவர்கள் வீட்டார் எல்லோரும் வருகிறார்கள், இப்படியா என்று கேட்டு, அணைக்கச் சொன்னார். நான் சுவிட்சில் கை வைத்தேன்.

“அணைக்காதம்மா.”

படகுக்காரர் எழுந்து நின்றிருந்தார். கண் திரையை விட்டு நகரவில்லை. “இதேதான். இப்பதான் அந்த வானம் வந்திருக்கு.”

கடைசியில் ஒன்றாவது சரியாக வந்ததே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அக்கா மேடை ஏறி, அந்தக் கீற்றின் முன்னால் போய் நின்றார். முகம் தெரியவில்லை, கறுப்பாக ஆள் மட்டும் தெரிந்தது.

“அவரு எங்க இருந்தாரு, அண்ணே?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லு, தங்கச்சி.” படகுக்காரர் விரலை நீட்டிக் காட்டினார். “ஆங், அங்கதான். கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு.”

தான் சொன்னது அதன் பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது போல. நீட்டிய விரலை மடக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்கா அழவில்லை. காட்டிய இடத்தை விட்டு நகரவும் இல்லை. அங்கிருந்தபடியே என்னிடம் ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

நாளைய வேலை: அடிவான விளக்கை அணைக்கக் கூடாது.