மெழுகில்லாத பலகை

பனிச்சறுக்குப் பந்தயம் தொடங்கும் மேட்டடியில், காரின் தூக்கிய பின்கதவுக்குக் கீழே நின்று இங்குன் தன் பலகையின் நடுப்பகுதியைச் சுரண்டுகிறாள். மேடேறும்போது பின்னால் வழுக்காமலிருக்க விடியலில் அவள் கணவன் ஹல்வார் கட்டைவிரலால் தேய்த்துப் பூசிய மெழுகு, கரகரவென்று சுருள்களாக உதிர்கிறது. ஆரஞ்சை உரித்தபடி வந்த ஹல்வார் திகைத்து நிற்கிறான். "பைத்தியமா உனக்கு? இது இல்லாம எப்படி ஏறுவ?" "கோலை ஊனி, கை பலத்துல." "ஆம்பளைங்களுக்கே பாதியில மூச்சு வாங்குது, இங்குன்." "போன வருஷம் உன் மெழுகுல பனி உருண்டை உருண்டையா ஒட்டி, பலகையத் தோள்ல தூக்கிட்டு நடந்தேனே, மறந்துட்டியா?" பக்கத்துக் காரில் யாரோ சிரிக்கிறார்கள். உறைவதா உருகுவதா என்று பனி தயங்கும் குளிர் இது. எந்த மெழுகையும் நம்ப முடியாது. எவ்வளவு பிடிப்பு, எவ்வளவு வழுக்கல் என்று இத்தனை வருடமும் அவளுக்காக முடிவு செய்தது அவன் விரல்தான். பளபளக்கும் அடிப்பாகத்தில் உள்ளங்கையை ஓட்டுகிறாள். எங்கும் தடையில்லை. பயம் இருக்கிறது. அது தன்னுடையது என்பதே அவளுக்குப் பிடித்திருக்கிறது. "வழுக்கி இங்கயே வந்து நிப்ப, பாரு," என்கிறான் அவன். "வந்தா, நானா வழுக்கினதா இருக்கட்டும்," என்று அவள் பலகையைக் காலில் மாட்டுகிறாள்.