கடையில் பறக்கும் கார்

கணக்கு வாத்தியார் நான்காவது முறையாக லேப்டாப்போடு ரிப்பேர் கடைக்குள் நுழைந்ததும் மெக்கானிக்குக்குத் தலை சுற்றியது.

“வீட்டுல கேம் போட்டா கார் இன்னும் நத்தை மாதிரிதான் நகருது தம்பி.”

மெக்கானிக் மேசைமேல் கிடந்த கடைச் சார்ஜரைச் செருகி, பந்தயத்தை ஓடவிட்டான். கார் பறந்தது.

“பாருங்க சார்! ஃபேன் துடைச்சாச்சு, பேட்டரி மாத்தியாச்சு, ராம் கூட்டியாச்சு. இதுக்கு மேல உங்க வீட்டு கரண்ட்டைத்தான் மாத்தணும்!”

“எலக்ட்ரீஷியன் பார்த்துட்டாரு. லைன்ல ஒரு குறையும் இல்லையாம். அதான் இந்தத் தடவை சார்ஜரையும் எடுத்துட்டு வந்தேன்.”

வாங்கிப் பார்த்த மெக்கானிக்குக்கு ரத்தம் கொதித்தது.

“அறுபத்தஞ்சு வாட்! இது சாதாரண ஆபீஸ் லேப்டாப் சார்ஜர் சார். உங்க கேமிங் லேப்டாப்புக்கு நூத்தி எண்பது வேணும், பவர் பத்தலேன்னா கார் நத்தையாத்தான் நகரும். பின் ஒண்ணா இருந்தா போதுமா? எந்தக் கண்ணு தெரியாதவன் இதை உங்க தலையில கட்டினான்? அவனைச் சும்மா விடாதீங்க!”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முதல் தடவை ஃபேன் துடைக்க வந்தேனே, இதுக்கு முன்னாடி அன்னைக்கு ஒரு தடவைதான் சார்ஜரோட வந்தேன். திரும்பிப் போறப்போ பையில வச்சுக் கொடுத்தது நீங்கதான் தம்பி. நேத்து என் பொண்ணு கேட்டா, ‘சார்ஜர் அடியில நான் நெயில் பாலிஷ்ல போட்ட பூ எங்கப்பா?’ன்னு.”

மெக்கானிக் மேசைமேல் இருந்த கடைச் சார்ஜரை மெல்லப் புரட்டினான்.

அடியில், ரோஸ் நிறத்தில் ஐந்து இதழ்கள்.