பூபாலன் தொட்டித் தண்ணீர்

தொட்டியில் தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை.

பாஸ்டர் அருள்முருகன் வெள்ளை ஜிப்பாவும் வேட்டியுமாக அதில் நின்றுகொண்டிருந்தார். கரையில் சபையார் பாடிக்கொண்டிருந்த பாட்டு, முடிந்து முடிந்து முதல் சரணத்துக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது.

முழங்கால் தண்ணீரில் ஓர் எருமையைக்கூடக் குளிப்பாட்ட முடியாது, ஞானஸ்நானம் எங்கே கொடுப்பது? அவர்கள் சபையில் தெளிப்பதெல்லாம் செல்லாது. ஆள் முழுசாக முழுகி எழ வேண்டும்.

மோட்டார் கொட்டகையிலிருந்து பூபாலன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். நிலமும் தொட்டியும் அவருடையவை. "மோட்டார் காயில் எரிஞ்சி பூட்சி பாஸ்டர். திருத்தணிலேர்ந்து ஆளு வந்தாதான்."

ஆள் வர நாளை ஆகும். கௌரியம்மாளுக்கு நாளை என்பது கிடையாது. கரும்பு வெட்டப் போகிற அந்த அம்மாள் மாதக்கணக்கில் கெஞ்சி, இன்று ஒரு நாளைக்குத்தான் மகன்களைச் சம்மதிக்க வைத்திருந்தாள். அவர்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊரில் பாதி வேடிக்கை பார்த்தது. "சாமி வந்துட்ச்சி, தண்ணிதான் வர்ல" என்று ஒருவன் சொல்ல, கொல்லென்று சிரிப்பு.

இதில் பெரிய தொல்லை அருள்முருகனின் சாட்சிதான்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஞானஸ்நானம் எடுத்ததும் இதே தொட்டியில். அன்றும் பூபாலன் மோட்டார் மக்கர் பண்ணியது. அன்றும் இவ்வளவுதான் தண்ணீர். எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்க, ஓடாத மோட்டாரின் குழாயிலிருந்து குபுகுபுவென்று தண்ணீர் வந்தது! அரக்கோணத்திலிருந்து திருவள்ளூர் வரைக்கும் அவர் இந்தச் சாட்சியைச் சொல்லாத மேடை இல்லை. அதைக் கேட்டுத்தான் கௌரியம்மாளே சபைக்கு வந்தாள்.

மேடையில் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த நாளோடு அப்பா துளசிங்கம் மகனோடு பேச்சை நிறுத்திவிட்டார். கிருத்திகை தவறாமல் முருகனைப் பார்க்கத் திருத்தணி மலையேறுகிற மனிதர். பக்கத்துத் தோட்டம் அவருடையதுதான். மருமகள் தேவிப்பிரியா கொண்டுபோகும் கிறிஸ்துமஸ் பலகாரத்தை வாங்கிக்கொள்வார், மகனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். பேரை மாற்றிக்கொள் என்று சபைப் பெரியவர்கள் எவ்வளவோ சொல்லியும் அருள்முருகன் மாற்றவில்லை. அப்பா கொடுத்ததில் அவரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"ஜெபம் பண்ணுங்க பாஸ்டர். உங்களுக்கு வந்த மாதிரி எனக்கும் வரும்" என்றாள் கௌரியம்மாள். முகத்தில் ஒரு துளி சந்தேகம் இல்லை.

அருள்முருகன் காய்ந்து கிடந்த குழாயைப் பார்த்தார். வராவிட்டால்? இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் கட்டுக்கதை என்று ஆகிவிடாதா? இந்த அம்மாள் எந்த முகத்தோடு மகன்களுக்கு முன்னால் நிற்பாள்?

கண்ணை மூடினார். சத்தமாகத்தான் ஆரம்பித்தார், போகப் போகக் குரல் உள்ளே போய்விட்டது. ஆண்டவரே, என் மானம் போனால் போகட்டும், இந்த அம்மாளை வெறுங்கையாக அனுப்பாதேயும் என்று முணுமுணுத்தார்.

குழாய் ஒருமுறை இருமியது.

அப்புறம் கொட்டியது பாருங்கள், அடேயப்பா! தொட்டியே அதிர்ந்தது.

கௌரியம்மாள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, "அரோகரா!" என்று கத்திவிட்டாள். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம் நாக்கை விட்டுப் போகுமா? உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "அல்லேலூயா பாஸ்டர், அல்லேலூயா" என்றாள். சபையே அழுதுகொண்டே சிரித்தது. வரப்பில் நின்ற மகன்கள் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டார்கள்.

தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் அவளை இறக்கினார். முழுகி எழுந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும். பூபாலன் ஓடாத மோட்டாரைப் போய்ப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

கடைசி ஆள் கரையேறும்போது கரும்புக்குள்ளிருந்து துளசிங்கம் வந்தார். காலெல்லாம் சேறு, நெற்றி நிறைய விபூதி, தோளில் மண்வெட்டி. பாட்டு நின்றுபோயிற்று.

தொட்டிச் சுவரண்டை வந்து மகனைப் பார்த்தார்.

"ஆச்சா? ஆச்சுன்னா சொல்லுடா, வால்வ கரும்புக்குத் திருப்பணும்."

அருள்முருகன் குழாயையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாடா முழிக்கிற? நம்ம கெணத்துலேர்ந்து இந்தத் தொட்டிக் கொழாய்க்கு வர்ற பைப்பு, நீ பொறக்கறதுக்கு முன்ன போட்டது. உங்க சித்தப்பன் நெலத்த பூபாலனுக்கு வித்தப்ப யாரும் அத்தப் புடுங்கல. மண்ணுக்குள்ளயே கெடக்குது."

"அப்ப... அன்னிக்கு, நைனா?"

"ஆங், அன்னிக்கும் நான்தான். என் புள்ள முட்டிக்கால் தண்ணில நின்னுகினு இருக்கறான், ஊரே சிரிக்குது. பாத்துகினு போவச் சொல்றியா?"

அருள்முருகன் தொட்டிச் சுவரை ஒரே தாவலில் தாண்டினார். சொட்டச் சொட்ட அப்பாவைக் கட்டிக்கொண்டார். மண்வெட்டி கீழே விழுந்தது. "நனைக்கிறடா, டேய்" என்று திட்டினாரே தவிர துளசிங்கம் விலகவில்லை.

அப்பாவை விடாமலே அருள்முருகன் சபையின் பக்கம் திரும்பினார். எந்த மேடையிலும் அவர் குரல் அவ்வளவு ஓங்கி எழுந்ததில்லை.

"அன்னிக்கு எல்லாரும் தண்ணிக்குதான் ஜெபம் பண்ணாங்க. நான் தண்ணியே கேக்கல! எங்க நைனா என்னிய வுட்டுடக் கூடாதுன்னுதான் கேட்டேன்."