முடிவை முதல்ல சொல்லு

"காலேஜ் எப்படிம்மா போகுது?"

மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "நல்லா போகுது. பரீட்சை முடிஞ்சுது. உங்க கையெழுத்து எதுவும் வேண்டாம்."

அவ்வளவுதான். எழுந்து தன் அறைக்குள் போய்விட்டாள்.

"பார்த்தியா திமிரை? பெத்த அப்பன்கிட்ட ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசினா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?"

மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "திமிர் இல்லைங்க. எதையோ மனசுல போட்டுக் குமைஞ்சுக்கிட்டு இருக்கா. சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. கேட்டா, அப்பாகிட்ட சொல்லிக்கறேன்கறா. நீங்களே பக்குவமா கேளுங்க."

பக்குவம் அவருக்குக் கைவந்த கலை. ஆபீசில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நிதிப் பிரிவில் எத்தனையோ மேனேஜர்கள் வந்து போனார்கள். ஒருவரோடும் அவருக்கு உரசல் வந்ததில்லை. ஒருத்தர் எதற்கெடுத்தாலும் "ஆதாரம் எங்கே?" என்பார். அவருக்குப் பெயரே ஆதாரம் சார். நம்மவர் டீ குடித்த பில்லைக்கூடக் கோத்து வைத்தார். அடுத்து வந்தவர் அவசரம் சார். "முடிவை முதல்ல சொல்லுங்க, கதை வேண்டாம்" என்று நின்றபடியே கேட்பார். நம்மவர் மாதாந்திர அறிக்கையையே மூன்று வாக்கியத்தில் சொல்லப் பழகிக்கொண்டார். இதையெல்லாம் வீட்டில் சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பார்.

போன மாதம் வந்த மேடம் வேறு ரகம். கணக்கு எங்கே இடித்தாலும் குரலை உயர்த்த மாட்டார். லேப்டாப்பை மூடி வைப்பார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்காருவார். "மெதுவா சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்பார்.

முதல் வாரம் நம்மவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு அதுவும் பழகிவிட்டது. இப்போது தனக்குக் கீழே இருப்பவர்களிடம் அவரும் அப்படித்தான் பேசுகிறார்.

மறுநாள் சாயங்காலம் மகளின் அறைக் கதவைத் தட்டினார். தன் போனை அணைத்து மேசைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மெதுவா சொல்லும்மா. ஒண்ணும் அவசரமில்ல."

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"புது மேனேஜராப்பா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா, ஒரு மேடம். உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குக் காய்ச்சல்னு போன் பண்ணினப்போ, தெர்மாமீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னீங்க. அது ஆதாரம் சார். ஃப்ரெண்டுகூடச் சண்டை போட்டுட்டு அழுதுகிட்டே வந்தப்போ, முடிவை முதல்ல சொல்லு, கதை வேண்டாம்னீங்க. அது அவசரம் சார்."

குரலில் கோபம் இல்லை. விவரம்தான் சொன்னாள்.

அவர் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. ஆபீசில் நல்ல பெயர் வாங்கப் பழகியதெல்லாம் வீட்டில் இவள் தலையில் விடிந்திருக்கிறது. அது இத்தனை நாள் அவருக்குத் தெரியவே இல்லை.

மகள் கேட்டாள். "இந்த மேடம் எவ்வளவு நாள் இருப்பாங்க?"

"ஏம்மா கேக்கற?"

"நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் பெரிசுப்பா. அடுத்தவர் வர்றதுக்குள்ள சொல்லி முடிக்கணும்."